திறந்தநிலைக் கல்வி மாநாடு: தில்லி வரை போக வேண்டுமா, வீட்டிலிருந்தே பேசினால் போதுமா?

தோவாளைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், சுயநிதிப் பிரிவில், வணிகவியல் நடத்துகிறேன். திறந்தநிலைக் கல்வியும் இணையவழிக் கற்றலும் என்ற தலைப்பில் தில்லியில் ஒரு பன்னாட்டு மாநாடு நடக்கவிருக்கிறது. என் ஆய்வுச் சுருக்கம் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. நேரில் வந்து பேசலாம், இணையம் வழியாகவும் பேசலாம் என்கிறார்கள். நேரில் என்றால் பதிவுக் கட்டணமே என் அரை மாதச் சம்பளத்துக்கு வருகிறது. அதற்கு மேல் ரயில், தங்குமிடம். சுயநிதிப் பிரிவு என்பதால் நிர்வாகம் ஓ.டி. (பணி நிமித்த விடுப்பு) தருமே தவிரப் பணம் தராது.

கட்டுரை இதுதான்: அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் பதிப்பகம் 2013 இல் வெளியிட்ட அறிமுகப் புள்ளியியல் பாடநூலில் சில அத்தியாயங்களை எடுத்துத் தமிழில் எழுதினேன். அந்த நூலில் வரும் கணக்குகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்கானவை. அவற்றை எடுத்துவிட்டு நம் ஊர்க் கணக்குகளைப் போட்டு, முதலாண்டு பி.காம். பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவர்களில் பலர் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அந்த அனுபவத்தைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கடன் வாங்கிக்கொண்டு போகும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_விலங்கியல்:

வாழ்த்துகள் மகளே. ஆனாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: சான்றிதழுக்காகப் போகிறீர்களா, சங்கதிக்காகப் போகிறீர்களா? சான்றிதழுக்கு என்றால் வீட்டிலிருந்தே பேசிவிட்டு மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுங்கள். முனைவர் பட்டத்துக்கு மாநாட்டுக் கட்டுரை கட்டாயம் என்று யு.ஜி.சி. 2016 விதிமுறையில் வைத்திருந்தது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கோப்பில் தாள் சேர்ப்பதற்காக ஊர் ஊராகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சங்கதிக்காக என்றால் யோசிக்கலாம். ஆனால் இந்தத் துறையில் அலை எழுவதும் அடங்குவதும் வேகமாக நடக்கும். 2011 இல் ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் திறந்துவிட்டார்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். இப்படி யாரும் சேரக்கூடிய பெருந்திரள் இணையப் பாடத்துக்கு மூக் என்று பெயர். மறு ஆண்டையே 'மூக் ஆண்டு' என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்று அன்றைக்கு மேடைதோறும் பேசினார்கள். நானும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களின் கணக்கை எடுத்து 2019 இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18 இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பாடங்கள் நடந்த, லாப நோக்கமற்றது என்று தொடங்கிய எடெக்ஸ் தளத்தை 2021 இல் ஒரு தனியார் நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய நிறுவனம் 2024 இல் திவால் மனு போட்டது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு போனால் மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதில் எதை நம்பலாம் என்று தெரியும்.

குளச்சல்_தம்பி:

சார், அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறதே. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் படிக்க வந்தவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்தால் மூன்றுதான் வரும்.

நான் எம்.காம். படித்தபோது என்.பி.டி.இ.எல். என்ற, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் பாடங்கள் எடுத்தேன். படிப்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும்தான். வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 வாங்கினால்தான் சான்றிதழ். எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் வாரந்தோறும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து பாடம் நடத்தினார் என்றால் அது இதனால்தான். மூன்று விழுக்காடு என்று ஒதுக்கினால், அந்த மூன்றில் இருக்கும் எங்களை என்ன செய்வீர்கள்?

அக்கா, நீங்கள் நேரில் போங்கள்.

ஓய்வுபெற்ற_விலங்கியல்:

குளச்சல் மக்களே, உன்னை யார் ஒதுக்கினார்கள்? ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்கிற தெம்பு உனக்கு முன்பே இருந்தது. உன் வகுப்பில் பின் பெஞ்சில் இருந்தவனுக்கு என்ன கிடைத்தது? அந்தச் சயன்ஸ் கட்டுரையும் அதைத்தான் சொல்கிறது: படித்து முன்னேறிய நாட்டுக்காரர்கள்தான் அதிகம் பயன்பெற்றிருக்கிறார்கள். கடன்வாங்கிய கைபேசியில் தம்பியும் தங்கையும் அடித்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு கேட்ட கொரோனா காலத்தை இந்த மாவட்டத்தில் நாம் எல்லோரும் பார்த்தோம்.

குளச்சல்_தம்பி:

பின் பெஞ்சுக்காரனுக்காகத்தானே அக்கா தமிழில் எழுதியிருக்கிறார்கள்! அந்தக் கட்டுரைக்கே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் மாநாட்டை ஏன் திட்ட வேண்டும்?

நூலகர்_மார்த்தாண்டம்:

இரண்டு பேரும் சற்று நிறுத்துங்கள். பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பணம் பறிப்பதற்காகவே மாநாடு நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். என் மின்னஞ்சலுக்கு வாரம் தவறாமல் அழைப்பு வருகிறது. மருத்துவம், இயந்திரவியல், தமிழ் இலக்கியம், மேலாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே மேடை, ஒரே நாள், ஓட்டல் அரங்கு என்றிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சுருக்கம் அனுப்பிய மறுநாளே 'ஏற்கப்பட்டது' என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையான மாநாட்டில் மதிப்பீட்டாளர் ஏதாவது குறை எழுதியிருப்பார், அதைத் திருத்தச் சொல்வார்கள். குழுவில் பெயர் இருக்கும் பேராசிரியர்களில் யாருக்காவது ஒரு வரி எழுதி, இதில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். பலருக்குத் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரிந்திருக்காது.

டீச்சர், உங்களுக்கு மதிப்பீட்டாளர் குறிப்பு வந்ததா?

தோவாளைக்காரி:

வந்தது சார். இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாராட்டிவிட்டு விட்டுவிட்டார். மற்றவர் 'மாற்றி எழுதிய பகுதிகளை எந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே' என்று கேட்டிருந்தார். நடத்துவது ஒரு பல்கலைக்கழகத் துறை. முந்தைய மாநாடுகளின் கட்டுரைகளையும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

நூலகர்_மார்த்தாண்டம்:

அப்படியென்றால் போகலாம். அந்த இரண்டாம் ஆள் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் எடுத்த நூல், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் வந்தது. மொழிபெயர்க்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கவும் செய்யலாம். மூல நூலின் பெயர், ஆசிரியர்கள், எங்கே கிடைக்கிறது, எந்த உரிமம், நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்ற விவரம் இருந்தால் போதும். ஆனால் அதே ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட கணக்குப்பதிவியல் பாடநூலுக்கு விதி வேறு: வணிக நோக்கம் கூடாது, மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எம்.ஐ.டி. பாடத்தளத்துக்கும் அதே நிபந்தனைதான். நம் ஆசிரியர்கள் பலரும் 'இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கிறார்கள். யூடியூபில் இருக்கும் காணொளிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துத் தமிழில் பேசி மறுபடி போட உங்களுக்கு உரிமையே கிடையாது.

திறந்த கல்வி பற்றி எழுதும் டேவிட் வைலி என்பவர், திறந்த உரிமம் தரும் உரிமைகளை ஐந்தாகச் சொல்வார்: கையில் வைத்துக்கொள்ள, அப்படியே பயன்படுத்த, திருத்த, வேறொன்றோடு கலக்க, பிறருக்குக் கொடுக்க. நம் ஊரில் பேசப்படுவது முதல் இரண்டு மட்டும்தான். டீச்சர் செய்திருப்பது மூன்றாவது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கட்டுரை தில்லிக்குப் போக வேண்டும்.

பேச்சிப்பாறை_வாத்தியார்:

நான் பள்ளிக்கூடத்து ஆள், மாநாடெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் டீச்சர் போனால் எனக்காக ஒன்று கேட்டு வர வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் டவர் கிடையாது. ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளிலும் மழை பெய்தால் போச்சு. 2018 முதல் நம் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகி வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் குறியீட்டை வருடினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இணையவழிக் கற்றல் என்று மூன்று நாள் பேசுகிறவர்கள், இணையம் இல்லாத இடத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள்?

குளச்சல்_தம்பி:

சார், அதற்கு மாநாடு வரை போக வேண்டாம். கிவிக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியை வைத்து அதிலிருந்தே வைஃபை கொடுத்தால், இணைய இணைப்பே இல்லாமல் பிள்ளைகள் கைபேசியில் படிக்கலாம். கோலிப்ரி என்ற மென்பொருளும் இதற்காகவே செய்யப்பட்டது, பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் அதில் ஏற்றலாம். இரண்டும் இலவசம். நான் ஒரு நாள் வந்து அமைத்துத் தருகிறேன்.

பேச்சிப்பாறை_வாத்தியார்:

வா தம்பி, சாப்பாடு என் வீட்டில். குலசேகரம் வரை பஸ்ஸில் வந்துவிடு, நான் வண்டியோடு வருகிறேன். ஆனாலும் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

தோவாளைக்காரி:

முடிவு செய்துவிட்டேன், போகிறேன். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. கன்னியாகுமரியிலிருந்தே நிஜாமுதீன் வரை போவதால் எங்கேயும் மாற வேண்டாம். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம். நூலகர் சார் சொன்ன உரிமக் குறிப்பைப் போட்டு அத்தியாயங்களை இணையத்தில் ஏற்றிவிட்டேன். வந்து எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற_விலங்கியல்:

சென்று வாருங்கள். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், நம் ஊர்க் குளிரை நினைத்துக்கொண்டு போனால் அங்கே நடுங்குவீர்கள். தொடக்க விழாவில் குத்துவிளக்கும் பொன்னாடையும் முடிய எப்படியும் நேரம் ஆகும், காலை உணவை விட்டுவிட வேண்டாம்.

தோவாளைக்காரி:

வந்துவிட்டேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கியல் சார் சொன்னபடியே தொடக்க விழா நீண்டது. முதல் நாள் தலைமை உரைகளில் மூன்றில் இரண்டு செயற்கை நுண்ணறிவு பற்றி. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணினி ஆசிரியர் வந்துவிடுவாராம். எனக்கு சார் எழுதிய 2012 ஆம் ஆண்டுப் பேச்சுகள்தான் நினைவுக்கு வந்தன. யுனெஸ்கோவைப் பற்றிப் பேசியவர் மட்டும் உருப்படியாகப் பேசினார். யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய பாடப்பொருளுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்ற பெயரே 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கி, 2012 பாரிஸ் பிரகடனம், 2017 லியூப்லியானா செயல்திட்டம் என்று வந்து, 2019 நவம்பரில் உறுப்பு நாடுகள் ஏற்ற பரிந்துரையில் நிறுத்தினார். அந்தப் பரிந்துரை நாடுகளிடம் கேட்பது: ஆசிரியர்களின் திறனை வளர்க்க வேண்டும், ஆதரவான கொள்கை வேண்டும், எல்லோரையும் உள்ளடக்கிய தரமான வளங்கள் வேண்டும், அவை நீடித்து நிற்கப் பணவழி வேண்டும், நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும். பணவழி என்ற இடம் வந்ததும் அரங்கில் ஒரு அசைவு தெரிந்தது. இலவசமாகக் கொடுப்பதற்கு யார் செலவு செய்வது என்பதுதான் எல்லோர் மனத்திலும் இருந்தது.

என் அமர்வு இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பக்கத்து அரங்கில் செயற்கை நுண்ணறிவு என்பதால் கூட்டம் அங்கே. எங்கள் அறையில் கட்டுரை வாசிக்க வந்தவர்களும் இன்னும் சிலரும்தான். பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும், மூன்று நிமிடம் கேள்வி. நான் கோட்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கணக்கைக் காட்டினேன். மூல நூலில் சராசரியையும் இடைநிலையையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) டாலர் வருமானம் வைத்து விளக்கியிருந்தார்கள். நான் தோவாளைப் பூச்சந்தையை வைத்தேன். பிச்சிப்பூ கிலோ விலை ஐந்து நாளைக்கு 400, 450, 500, 450 என்று போய், ஓணத்துக்கு முந்தின நாள் 2,200 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 800. அந்த விலைக்கு எந்த நாளும் பூ விற்கவில்லை! இடைநிலை 450. 'பூக்காரர் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் எந்த எண்ணைச் சொல்வார்? வங்கிக்காரர் எந்த எண்ணை நம்புவார்?' என்று வகுப்பில் கேட்டபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, 'ஓணம் ஆண்டுக்கு ஒரு தடவைதானே மிஸ் வருகிறது, 800 என்று சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார்' என்றாள். அவள் அப்பா சந்தையில் பூ கட்டுகிறவர். இதைச் சொன்னதும் அறையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று நிமிடக் கேள்வி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, வராந்தாவில். ஒடியா மொழியில் இதே நூலை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, கேரளத்துக்காரர் ஒருவர். எல்லோருக்கும் ஒரே தொல்லை: கலைச்சொல்லுக்கு அகராதி கிடைக்கிறது, எடுத்துக்காட்டுக்கு யாரும் உதவுவதில்லை. நான்கு பேரும் சேர்ந்து ஒரு பொதுத் தாள் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பாடக் கருத்துக்கும் அவரவர் ஊரிலிருந்து ஒரு கணக்கு. அஸ்ஸாமில் தேயிலை ஏலம், ஒடிசாவில் புயல் நிவாரணக் கணக்கு. இணையவழியில் பேசியிருந்தால் என் பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் திரை அணைந்திருக்கும். வராந்தாவுக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? கட்டணம் இன்னும் உறுத்துகிறது, ஆனால் போனதில் வருத்தம் இல்லை.

பேச்சிப்பாறை சார், உங்கள் கேள்வியை நிறைவுக் கலந்துரையாடலில் கேட்டேன். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் '5ஜி வந்துவிட்டால் சரியாகிவிடும்' என்றார். உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன். இன்னொருவர், ஒரு பெண்மணி, நேர்மையாகப் பதில் சொன்னார்: காணொளியை முதலில் செய்துவிட்டு அதிலிருந்து எழுத்தை உருவாக்குவதை நிறுத்த வேண்டும், எழுத்தையும் ஒலியையும் முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு மணி நேரக் காணொளிக்கு ஆகும் இணைய அளவில் ஒரு பருவத்துக்கான பாடத்தையே எழுத்தாக அனுப்பிவிடலாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன்.

பேச்சிப்பாறை_வாத்தியார்:

5ஜி! இங்கே 2ஜிக்கே பாறை மேல் ஏறி நிற்கிறோம். அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளச்சல் தம்பி போன வாரம் வந்து கிவிக்ஸ் அமைத்துக் கொடுத்துவிட்டான். பிள்ளைகள் முதலில் தேடியது யானை. இரண்டாவது, விராட் கோலி.

செவிவழி:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'கேட்டு' என்பது உண்மையாகவே கேட்பதுதான். எனக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறேன். பி.எட். முடித்திருக்கிறேன்.

டீச்சர், உங்கள் அத்தியாயங்களை இறக்கிப் பார்த்தேன். உரைப் பகுதி அருமையாக வாசித்தது. அட்டவணைகளைப் படமாக ஒட்டியிருக்கிறீர்கள், அங்கே 'படம், படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறது. பிச்சிப்பூக் கணக்கின் விலைகள் எனக்கு இங்கே உங்கள் பதிவைக் கேட்டுத்தான் தெரிந்தன. அவற்றை எழுத்தாக மாற்றிவிட முடியுமா?

பொதுவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் திறந்த வளம் என்ற பெயரில் ஏற்றப்படும் குறிப்புகளில் பாதி, கையெழுத்துத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கியவை. மீதிப் பாதியில் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது தமிழாகத் தெரியும், என் கருவிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. எல்லாக் கணினிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010 இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? அந்தக் கோப்புகளைத் தேடுபொறியாலும் படிக்க முடியாது. எனவே கண் தெரிந்தவர்களுக்கும் அவை தேடலில் கிடைக்காது.

தோவாளைக்காரி:

மிக்க நன்றி. அட்டவணைகளை இன்றே மாற்றத் தொடங்குகிறேன். மாநாட்டில் அணுகுதன்மைக்கு ஒரு பயிலரங்கு வைத்திருந்தார்கள், ஆனால் என் அமர்வு நேரத்திலேயே வைத்துவிட்டார்கள். அரங்குக்குள் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரையாவது பேச அழைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த முறை நீங்கள் சுருக்கம் அனுப்ப வேண்டும், நான் உதவுகிறேன்.

செவிவழி:

அனுப்புகிறேன். கட்டணச் சலுகை உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

நூலகர்_மார்த்தாண்டம்:

பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒட்டி, மாற்றி, ஒருமுறை பிழை பார்த்தால் முடிந்தது. எங்கள் நூலகத்தில் பழைய வினாத்தொகுப்புகளை அப்படித்தான் மாற்றுகிறோம்.

தமிழில் இந்த வேலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, முழுக்க முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது. நாம் மேலே பேசிய திறந்த உரிமங்கள், அதாவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், அதற்குப் பிறகு 2002 டிசம்பரில்தான் வந்தன. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 இல் வந்தது, இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இலக்கியத்துக்குக் கிடைத்தது புள்ளியியலுக்கும் கணக்குப்பதிவியலுக்கும் கிடைக்கவில்லை. குறுந்தொகையை ஒரு நொடியில் இறக்கலாம், திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு) தமிழில் விளக்கும் நல்ல பாடநூல் ஒன்றை இலவசமாக இறக்க முடியாது.

ஓய்வுபெற்ற_விலங்கியல்:

இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். விலங்கியலிலும் அதே கதைதான். ஆனால் நூலகரே, ஒரு சந்தேகம். டீச்சரின் அத்தியாயங்களைக் கல்லூரி வாசலில் இருக்கும் ஒளிநகல் கடையில் கொடுத்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று நகல் எடுத்தால், கடைக்காரர் காசு வாங்குகிறாரே. 'வணிக நோக்கம் கூடாது' என்று போட்ட நூல்களுக்கு அது மீறல் ஆகாதா?

நூலகர்_மார்த்தாண்டம்:

டீச்சரின் நூலுக்கு அந்தத் தடையே இல்லை என்பதால் கவலை வேண்டாம். தடை உள்ள நூல்களைப் பற்றி அமெரிக்காவில் வழக்கே நடந்தது. பள்ளிக்கூடங்கள் ஒரு பாடநூலைக் கடையில் கொடுத்து நகல் எடுத்தன. காசு வாங்கிய கடை மீது பதிப்பாளர் வழக்குப் போட்டார். பள்ளியின் கையாகக் கடை வேலை செய்கிறது, பயன்பாடு வணிகமல்ல என்று 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது அமெரிக்கச் சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது.

நமக்கு நம் வழக்கே இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஒளிநகல் கடை, பாடத்திட்டப்படி பல நூல்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்து விற்றதற்காக 2012 இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் இன்னொரு பெரிய பதிப்பகமும் வழக்குத் தொடுத்தன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவில், கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது மீறலாகாது என்று இருக்கிறது. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அதை வைத்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தப் பக்கங்கள் கற்பித்தலுக்குத் தேவையானவைதானா என்று மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆக வகுப்புக்குத் தேவையான பக்கங்களை நகல் எடுப்பதற்கு நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மொழிபெயர்த்து இணையத்தில் போடுவதற்கு அந்தப் பிரிவு உதவாது. அதற்குத் திறந்த உரிமம்தான் வேண்டும்.

குளச்சல்_தம்பி:

அக்கா, மாநாட்டுக் கட்டுரையையும் காட்சி வில்லைகளையும் எங்கே படிக்கலாம்? தொகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

தோவாளைக்காரி:

தொகுப்பு வர மாதங்கள் ஆகும் தம்பி. வில்லைகளை செனோடோ என்ற இலவச ஆய்வுக் களஞ்சியத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன், நிலையான முகவரி எண் கிடைத்துவிட்டது. அட்டவணைகளை எழுத்தாக மாற்றிய புதிய கோப்புகளை இரண்டாம் பதிப்பு என்று அங்கேயே போடுகிறேன். பேச்சிப்பாறை சார் ஒலி வடிவம் வேண்டும் என்று தனியாகக் கேட்டிருந்தார். முதல் அத்தியாயத்தை என் குரலிலேயே பதிந்து அனுப்புகிறேன். வீட்டுப் பக்கத்தில் கோயில் கொடைவிழா முடியட்டும், ஒலிபெருக்கிச் சத்தத்தில் எதையும் பதிய முடியவில்லை.

மட்டுறுத்துநர்:

உரிமம் பற்றிய கேள்விகள் பெருகுவதால் அவற்றுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறோம். நூலகரின் கடைசிப் பதிவை அங்கே நகர்த்தவில்லை, பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறோம், அவர் அனுமதியுடன். தோவாளைப் பூ விலையில் குறை கண்டு தனிமடல் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அதை இங்கேயே எழுதுங்கள்.